நெடுந்தூரம் என்பது எவ்வளவு தூரம்?

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து திருவொற்றியூர் கோயில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். இன்னும் வடக்கே போனால் எண்ணூர். ராயபுரத்திலிருந்து 12 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

நீங்கள் பள்ளி ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "வாரத்தில் ஒரு நாள் நெடுந்தூரம் ஓடு" என்கிறார் விளையாட்டு ஆசிரியர். திருவொற்றியூர் வரை போதுமா? எண்ணூரையே தொட்டுவிட வேண்டுமா? 'நெடுந்தூரம்' எந்த இடத்தில் தொடங்குகிறது?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலையில் இதே ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தூரம் சுமார் 100 கிலோமீட்டர். நீராவி இஞ்சினுக்கு எது நெடுந்தூரம்? ஏற்றிய எரிபொருளும் தண்ணீரும் எதுவரை வருமோ, அதுதான். நம் உடலும் ஓர் இஞ்சின்தானே! அதன் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

உடலின் எரிபொருள்

நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. நன்கு பயின்ற, 60 கிலோ எடையுள்ள ஓட்டக்காரரிடம் இது சுமார் 500 கிராம் இருக்கலாம். கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் மொத்தம் 2,000 கிலோகலோரி. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். அவருக்கு 60 என்று ஆகிறது. வகுத்துப் பாருங்கள், 33 கிலோமீட்டர் வருகிறது!

கொழுப்பும் கூடவே எரிவதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் 42.195 கிலோமீட்டர் மாரத்தானில், 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலர் கால் ஓய்ந்து திணறுவதற்கு முக்கியக் காரணம் இதுவே. மாரத்தான் வீரர்கள் பயிற்சியில் 30 முதல் 35 கிலோமீட்டர் வரை ஓடிப் பழகுவது ஏன் என்பதும் இப்போது புரிகிறதல்லவா?

பந்தயம் 800 மீட்டர், பயிற்சி 35 கிலோமீட்டர்

நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, வாரம் ஒரு முறை அவரை மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார்! வியப்பாக இருக்கிறதா? அடித்தளம் போடும் மாதங்களில் லிடியார்டின் வாரக் கணக்கு சுமார் 160 கிலோமீட்டர். அதில் 35 என்பது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

விடை இங்கேதான் இருக்கிறது. நெடுந்தூரத்தை முடிவு செய்வது பந்தயத்தின் நீளம் மட்டுமல்ல, உங்கள் உடல் ஏற்கெனவே பழகியிருக்கும் அளவும்தான். வாரத்தின் மொத்தத் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு என்பது பயிற்சியாளர்கள் பலர் கைக்கொள்ளும் தோராய அளவு. வாரம் 20 கிலோமீட்டர் ஓடும் மாணவருக்கு 5 கிலோமீட்டரே நெடுந்தூரம்! திருவொற்றியூர் கூட அவருக்குச் சற்று அதிகம்தான்.

அவசரம் ஏன் கூடாது?

நிதானமாக நீண்ட நேரம் ஓடினால், நாளடைவில் தசைகளில் இரத்தத் தந்துகிகள் பெருகும். ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும். சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும். ஆனால் எலும்பும் தசைநாணும் உறுதிப்பட மாதக் கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கவில்லையே" என்று தூரத்தைத் திடீரென்று கூட்டினால் எலும்பில் நுண்விரிசல் காணலாம். அதோடு உங்கள் வயதில் எலும்பு முனைகளின் அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. உடல் வளர்வது அவற்றால்தான். அண்ணன்மார் ஓடும் தூரத்தை அப்படியே கடன் வாங்கினால் அவை பாதிக்கப்படலாம்.

நம் கடற்கரையின் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் குளிராது. மார்கழிக் காலையில் ஓடும் 5 கிலோமீட்டரும் மே மாதத்து 5 கிலோமீட்டரும் ஒன்றல்ல. வெயில் காலத்தில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கையோடு வைத்திருங்கள். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை வேண்டாம், பள்ளி மைதானம் போதும். 200 மீட்டர் சுற்று என்றால் 25 சுற்றில் 5 கிலோமீட்டர் முடிந்துவிடும்!

நீங்களே செய்து பாருங்கள்

ஓடும்போது நண்பருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. மறுநாள் காலை படுக்கையை விட்டு எழுமுன் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் குறியுங்கள். வழக்கத்தைவிடத் துடிப்பு மிகவும் கூடியிருந்தாலோ, எலும்பில் வலி இருந்தாலோ, அன்று ஓய்வெடுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில வாரங்கள் இப்படிக் குறித்து வந்தால், உங்கள் நெடுந்தூரம் எது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். எண்ணூர் எங்கேயும் போய்விடாது. ஒரு நாள் அதுவரையிலும் ஓடலாம்!