கட்டிச் சுமக்கலாம்... கழுத்தைக் கவனிங்க!

"டாக்டர், கீழே விட்டா போதும், வீல்னு கத்தறான். தூக்கிக்கிட்டா கப்சிப்! நாள் பூரா தூக்கி வச்சிருந்தா வீட்டு வேலையை யார் பார்க்கறது? கடையில பேபி கேரியர்னு விக்கறாங்களே, அதுல போட்டுக்கலாமா?"

கைக்குழந்தையோடு என்னிடம் வரும் இளம் தாய்மார்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. கூடவே வந்திருக்கும் மாமியார், "வேண்டவே வேண்டாம் டாக்டர். தூக்கியே வச்சிருந்தா கை பழகிடும். அப்புறம் கீழேயே இறங்காது" என்பார்.

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லி விடுகிறேன். தாராளமாகக் கட்டிச் சுமக்கலாம். ஆனால், எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் குழந்தையின் மூச்சே இருக்கிறது.

புதுப் பழக்கமா இது?

பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தோளிலிருந்து குறுக்கே கட்டிய துணிக்குள் குழந்தை நிம்மதியாக இருக்கும். அம்மாவின் இரண்டு கைகளும் வேலைக்கு ஃப்ரீ! ஆப்பிரிக்கப் பெண்கள் முதுகில் கட்டிக் கொள்கிறார்கள். மெக்ஸிகோவில் 'ரெபோஸோ' என்ற நீளச் சால்வையில் சுமக்கிறார்கள்.

கடையில் விற்கும் கேரியருக்கும் மூலம் இந்தத் துணிதான். 1960-களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் வேலை பார்த்த அமெரிக்க நர்ஸ் ஆன் மூர், அங்கே தாய்மார்கள் குழந்தையைக் கட்டிச் சுமப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பி, தன் குழந்தைக்காக அதே மாதிரி ஒன்றைத் தயார் செய்தார். 1969-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அதுதான் 'ஸ்னக்ளி'.

தூக்கினால் கெட்டுப் போகுமா?

கெடாது. 1986-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. சில தாய்மார்களிடம், குழந்தையைத் தினமும் கூடுதலாக 3 மணி நேரம் சுமக்கச் சொன்னார்கள். அழுத பிறகு தூக்குவதல்ல. அழாதபோதும் தூக்கி வைத்திருப்பது. 6 வார வயதில் அந்தக் குழந்தைகளின் அழுகையும் சிணுங்கலும் மற்ற குழந்தைகளைவிட 43 சதவிகிதம் குறைவாக இருந்தது!

ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சி நிலையம் 2022-ல் இன்னொரு வழி சொன்னது. அழும் குழந்தையைத் தூக்கிக் கொண்டு 5 நிமிடம் நடங்கள். தூங்கியதும் உடனே படுக்கப் போடாமல், 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்திருந்து பிறகு கிடத்துங்கள். செய்து பாருங்கள்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இந்த அணைப்பு மருந்துக்குச் சமம். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்த டாக்டர் எட்கர் ரே, 1978-ல் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டச் செய்தார். அதுதான் 'கங்காரு' முறை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் தினமும் 8 முதல் 24 மணி நேரம் இந்த அணைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால், இந்தக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் கட்டக் கற்றுக் கொடுக்கும் முறையைத்தான் பின்பற்ற வேண்டும். நீங்களாகக் கடைக் கேரியரில் போடக் கூடாது.

சத்தமில்லாத ஆபத்து

ஒருமுறை ஓர் இளம் தாய், 2 மாதக் குழந்தையைத் தொட்டில் மாதிரி தொங்கும் பையில் போட்டுக் கொண்டு வந்தார். "சமர்த்தா தூங்கறான் டாக்டர்" என்றார். பையை விலக்கிப் பார்த்தேன். உடம்பு வில்லாக வளைந்து, மோவாய் நெஞ்சில் அழுந்திக் கிடந்தது. நெற்றி முழுக்க வியர்வை. மூச்சில் 'கர்... கர்...' சத்தம். தூக்கி நிமிர்த்தியதும்தான் குழந்தை ஆழமாக மூச்சு விட்டது.

பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் மிகவும் குறுகல், மெத்தென்றும் இருக்கும். தலை முன்னால் கவிழ்ந்தால் அது மடங்கி விடும். தலையை நிமிர்த்தக் கழுத்தில் பலம் கிடையாது. குரல் எழுப்பவும் மூச்சு வேண்டுமே! அதனால், அழாமலே அடங்கி விடக் கூடும். அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் இதைப் பற்றி எச்சரித்தது. அதற்கு முந்தைய 20 வருடங்களில் தோள்பைக் கட்டுகளோடு தொடர்புடைய 14 மரணங்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் 4 மாதம்கூட நிரம்பாதவை.

நம் முன்னோர் வகுத்த பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் பாருங்கள். ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். குழந்தை தலையைத் தூக்கி, கீரைச் செடிபோல் ஆடும் பருவம். கழுத்து நின்று விட்டதற்கு அடையாளம் அது. அதுவரை கழுத்துக்கு நாம்தான் காவல். முதுகில் கட்டுவதையும் அதற்கு முன் ஆரம்பிக்காதீர்கள்.

எப்படிக் கட்டுவது?

* குழந்தை நிமிர்ந்து, உங்கள் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். கட்டு தளர்ந்தால் குழந்தை சரிந்து விடும்.

* குனிந்தால் உச்சியில் முத்தமிட எட்ட வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் பட வேண்டும். முகத்தைத் துணியால் மூடாதீர்கள்.

* மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

* காலை நேராக நீட்டி இறுக்கக் கூடாது. இடுப்பு மூட்டு நழுவக் கூடும். தொடை விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். நம் வீடுகளில் இடுப்பில் வைக்கும்போது இயல்பாக அமைவதும் இதுதான்.

* பழகிய நூல் துணியே நல்லது. நைலக்ஸ், சில்க் வழுக்கும். கோடையில் குழந்தைக்கு மெல்லிய சட்டை போதும். இல்லாவிட்டால் வேர்க்குரு வரும். எண்ணெய் தேய்த்த உடம்போடு கட்டாதீர்கள்.

* தாலிச் சரடில் ஊக்கு கோர்த்திருக்கிறீர்களா? முதலில் கழற்றி வையுங்கள்.

* கட்டுக்குள்ளேயே பால் கொடுத்தால், முடிந்ததும் மறக்காமல் நிமிர்த்தி விடுங்கள்.

* குழந்தையைக் கட்டிக் கொண்டு அடுப்படிப் பக்கம் போகாதீர்கள். தாளிக்கும் கடுகு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்கூட்டர் பயணம் கூடவே கூடாது.

* சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே ஆரம்பியுங்கள். அதுவரை அப்பா கட்டிக் கொள்ளட்டுமே! அவர் நெஞ்சிலும் அதே கதகதப்புதான்.

சளி, காய்ச்சல் இருக்கும்போது கட்டவே வேண்டாம். உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தை துவண்டாலோ, மூச்சு திணறினாலோ, உடனே துணியை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்... அந்த நேரத்தில் உரை மருந்து, கைவைத்தியம் என்று ஒரு நிமிடம்கூடக் கடத்தாதீர்கள்.

மற்ற நேரத்தில், மாமியார்களே... பேரப்பிள்ளை கை பழகினால் பழகட்டும். நடக்கப் பழகினதும் தானாகவே இறங்கி ஓடி விடும். அப்புறம் நாம் கூப்பிட்டாலும் வராது!