கொழுப்போடு பேசும் இதயம்

உடல் எடை மிகுந்தால் இதயத்திற்குக் கேடு என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், இதயமும் தன் பங்கிற்கு உடலின் கொழுப்பை ஆள்கிறது என்பது பலர் அறியாத செய்தி. நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் இதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கே விளக்குகிறோம்.

மூடிய கையளவே உள்ள இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. இதற்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை அது கொழுப்பு அமிலங்களிலிருந்தே பெறுகிறது. எனினும் நெடுங்காலம் மருத்துவ உலகம் இதயத்தைக் குருதியை இறைக்கும் கருவியாக மட்டுமே கண்டது. 1981-இல் கனடா நாட்டின் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர், எலியின் இதய மேலறைத் திசுவிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். அவற்றின் சிறுநீரில் உப்பும் நீரும் மிகுதியாக வெளியேறின. இரத்த அழுத்தம் குறைந்தது. இதயம் ஹார்மோனையும் சுரக்கிறது என்ற உண்மை இவ்வாறு புலனாயிற்று. இன்று அதனை ஏ.என்.பி. என்கிறோம். அதன் உடன்பிறப்பைப் போன்றது பி.என்.பி.

இந்த ஹார்மோன்கள் சிறுநீரகத்தோடு நின்றுவிடுவதில்லை. மனிதரின் கொழுப்பு அணுக்களையும் அவை சென்றடைந்து, சேமித்த கொழுப்பைக் கரைத்து விடுவிக்கத் தூண்டுகின்றன. உடற்பயிற்சியின்போது இதயத்திற்குத் திரும்பும் குருதி மிகுவதால் மேலறைகள் விரிகின்றன, ஏ.என்.பி. கூடுதலாகச் சுரக்கிறது. விறுவிறுப்பாக நடக்கும்போது கொழுப்பு எரிவதில் இதயத்தின் இந்தச் சுரப்பிற்கும் ஒரு பங்குண்டு.

பருமனானவர்களின் குருதியிலோ இந்த ஹார்மோன்களின் அளவு பொதுவாகக் குறைந்தே காணப்படுகிறது. அதனால் உப்பை வெளியேற்றும் திறனும் குன்றக்கூடும். பருமனும் இரத்தக் கொதிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

2012-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எரிக் ஓல்சன் குழுவினர் மற்றொரு வியப்பைக் கண்டனர். எம்.இ.டி.13 என்னும் புரதத்தை எலிகளின் இதயத்தில் மட்டும் மிகுவித்தபோது, கொழுப்பு நிறைந்த உணவை உண்டும் அவை பருமனாகவில்லை. எலிகளில் கண்ட இவ்வுண்மை மனிதருக்குரிய மருந்தாக இன்னும் உருப்பெறவில்லை. ஆகவே, இதன் பெயரால் விற்கப்படும் எதனையும் நம்ப வேண்டா.

நோயாளிகள் இதனால் அறிய வேண்டுவன இரண்டு.

முதலாவது, இதயச் செயலிழப்பைக் கண்டறியப் பி.என்.பி. இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. பருமனானவர்களிடம் இதயம் தளர்ந்திருந்தாலும் இவ்வளவு குறைவாகத் தோன்றலாம். மூச்சு வாங்குதல், காலில் வீக்கம், மல்லாந்து படுக்க இயலாமை ஆகியவை இருப்பின், 'அறிக்கை சரியாக உள்ளது' என்று வாளா இராமல் மருத்துவரிடம் கூறுங்கள். எக்கோ பரிசோதனை தேவைப்படலாம். இத்தகைய மூச்சிரைப்பை 'எடை கூடியதால்தான்' என்று குடும்பத்தாரும் தள்ளிவிடலாகாது.

இரண்டாவது, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவு உண்ணுமுன் எடை பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ கூடினால் அது கொழுப்பன்று; உடலில் தேங்கும் நீராக இருக்கக்கூடும். பட்டினி கிடந்து அதனைக் குறைக்க முயலாமல் உடனே மருத்துவமனையைத் தொடர்பு கொள்ளுங்கள். முயலாமலே எடை குறைந்துகொண்டு வந்தாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். தளர்ந்த இதயம் தசையையும் கரைக்கக்கூடும். அதனையும் தெரிவியுங்கள்.

மற்றவர்கள் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் அது தாண்டினால் கவனம் தேவை. உணவில் உப்பைக் குறையுங்கள். மருத்துவர் தடை கூறாதிருப்பின், நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து வாருங்கள்.