உங்களுக்குத் தெரியுமா? பட்டத்தைத் தீர்மானித்த நடுவர் மன்றம்

2024–25 ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி ஆட்டங்கள் ஏப்ரல் 6, 2025 அன்று முடிந்தபோதிலும், அதன் வெற்றியாளர் யார் என்பது மூன்று மாதங்களுக்குப் பின்னர், ஜூலை 18 அன்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்பால்தான் உறுதியாயிற்று.

• ஆட்டங்கள் முடிந்தபோது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகளுடனும், வாரணாசியின் இன்டர் காசி 39 புள்ளிகளுடனும் நின்றன.

• ஜனவரியில் இன்டர் காசியை 2–0 என வென்ற நாம்தாரி அணி, ஆடத் தகுதியற்ற வீரர் ஒருவரைக் களமிறக்கியதாக எழுந்த முறையீட்டை மன்றம் ஏற்றதால், அவ்வாட்டத்தின் 3 புள்ளிகள் இன்டர் காசிக்குச் சேர்ந்து, அதன் கணக்கு 42 ஆக உயர்ந்தது.

• இதற்கு மாறாக, ஐ-லீக்கின் 2018–19 பருவத்தில், கோயம்புத்தூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என வீழ்த்திய சென்னை சிட்டி, 42 புள்ளிகள் பெற்ற ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திக் களத்திலேயே பட்டம் வென்றது.

• களத்துக்கு வெளியேயும் முடிவு எடுக்கப்படும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தில், பட்டப் போட்டிக்குரிய அணிகளைத் தேர்வுக்குழு தரவரிசைப்படுத்துவதால், 2023-இல் 13 ஆட்டங்களிலும் வென்ற ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு முதல் நான்கு இடங்களுள் ஒன்றுகூடக் கிட்டவில்லை.