உங்களுக்குத் தெரியுமா? கிமோனோவும் தொளதொள காலுறையும்

ஜப்பானின் பாரம்பரிய உடையான கிமோனோவை உடுத்தும்போது இடப்பக்க மடிப்புதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை! வாடகைக் கிமோனோவில் படமெடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகள் சறுக்குவது இங்கேதான்.

மணமாகாத இளம்பெண்களுக்கான ஃபுரிசோதே கிமோனோவின் கைகள் கணுக்கால் வரைகூடத் தொங்கும். ஜனவரி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, வயதுவந்தோர் நாளன்று, ஜப்பானியத் தெருக்களில் எங்கு பார்த்தாலும் அதுதான்.

1990களில் பள்ளி மாணவிகளின் மோகம் வேறு: கணுக்காலில் சுருங்கிக் குவிந்து கிடக்கும் தொளதொள காலுறைகள். நழுவாமலிருக்க, காலில் பசை தடவி ஒட்டிக்கொண்டார்கள். அழகுக்காக என்னதான் செய்ய மாட்டார்கள்!

டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் உலவிய வண்ணமயமான இளசுகளைப் படம்பிடிக்கவே ‘ஃப்ரூட்ஸ்’ என்ற இதழை 1997இல் தொடங்கினார் புகைப்படக் கலைஞர் ஷோயிச்சி அயோகி. 2017இல் நிறுத்தியபோது அவர் சொன்ன காரணம், படமெடுக்கத் தகுந்தவர்கள் கிடைக்கவில்லை என்பது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. இத்தகைய இளசுகளின் உடைகளில் தெரியும், ‘கவாய்’ எனப்படும் செல்லக் குட்டி அழகை உலகுக்குக் கொண்டுசெல்ல, 2009இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் மூன்று இளம்பெண்களைத் தூதர்களாக நியமித்தது. ஒருவர் ஹராஜுகு பாணியில், ஒருவர் லேஸ் பின்னல் வைத்த ‘லோலிடா’ பாணிக் கவுனில், இன்னொருவர் பள்ளிச் சீருடையில்!