ஒரே டி.என்.ஏ., ஆனா அலகு ஏன் துடிக்கலை? ஸ்டெம் செல்லின் பூட்டுக் கதை

சேலத்துல இருந்து நாமக்கல் பக்கம் பைக்ல போயிருக்கீங்களா? வழியெல்லாம் கோழிப்பண்ணைதான். நாம ஆம்லெட் போடுற அந்த முட்டைகள்ல இருந்து குஞ்சு வராது; சேவலே இல்லாத கூண்டுல இட்டவை. ஹேட்சரிக்குப் போற கருமுட்டை வேற. மஞ்சள்கரு மேல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. 21 நாள்ல அதுவே அலகு, இறகு, துடிக்கிற இதயம் எல்லாமா மாறிடும்.

இத்தனைக்கும் அலகு செல்லிலும் இதய செல்லிலும் இருக்கிறது ஒரே டி.என்.ஏ. அப்புறம் அலகு ஏன் துடிக்கலை?

நம்ம கதையும் இதேதான். கருவான அஞ்சாறு நாள்ல நாம எல்லாருமே ஒரு சின்ன செல் உருண்டை. அதுக்குள்ள இருக்கிற ஸ்டெம் செல் எந்த உறுப்பாவும் மாறலாம். 1998-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் குழு இந்த மனித செல்களை லேப்ல வளர்த்துக் காட்டியது. 'நரம்பாகு', 'எலும்பாகு'ன்னு சொல்ற ஜீன்கள் எல்லாமே அதுல உண்டு. ஆனா எதுவும் வாய் திறக்காது.

பூட்டி வைக்கிறது பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டம். (ஆண் பழ ஈயின் முன்னங்கால்ல சீப்பு மாதிரி முடி இருக்கும். இந்த ஜீன் பழுதானா எல்லாக் கால்லயும் சீப்பு! பேர் வந்த கதை இதுதான்.) டி.என்.ஏ. நூல் சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் புரதத்துல இது மெத்தில் என்ற வேதிக்குறியை ஒட்டும். அந்த இடம் இறுகிடும். ஜீனைப் படிக்க முடியாது.

எந்த ஜீனைப் பூட்டணும்னு அதுக்கு யார் சொல்றது? டி.என்.ஏ.வேதான். ஜீன் தொடங்குற இடத்தை ஒட்டி சி, ஜி எழுத்துகள் நெருக்கமா வர்ற துண்டுகள் இருக்கு. ஜீன் வேலை செய்யாம சும்மா கிடந்தா, பாலிகோம்ப் அங்க வந்து உட்கார்ந்துக்கும்.

2006-ல் எலி ஸ்டெம் செல்லில் இன்னொரு விஷயம் தெரிய வந்தது. வளர்ச்சிக்கான பல ஜீன்களில் 'திற', 'மூடு' ரெண்டு குறியும் ஒரே இடத்துல! கடை ஷட்டரை இறக்கிட்டு சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போன மாதிரி. அடுத்த வருஷமே மனித செல்லிலும் அதைப் பார்த்தாங்க.

சரி, நமக்கு இதுல என்ன? 'ஸ்டெம் செல் ஊசி போட்டா மூட்டு புதுசாகும், ஆட்டிசம் சரியாகும்'னு ரீல்ஸ் வருதே, அங்கதான் இருக்கு விஷயம். கொழுப்புல இருந்தோ எலும்பு மஜ்ஜையில இருந்தோ எடுக்கிற செல்லில் நரம்புக்கான ஜீன்கள் ஏற்கெனவே பூட்டியாச்சு. ஊசி போட்டதும் அந்தப் பூட்டு தானா திறக்காது. சரி, கரு ஸ்டெம் செல்லையே அப்படியே ஏத்தினா? லேப் எலிகள்ல பல்லும் முடியும் கலந்த கட்டி வந்திருக்கு.

அதனாலதான் 2017-ல் ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் கறாரா சொல்லுச்சு: ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் அங்கீகரிக்கப்பட்டது. மத்ததெல்லாம் அனுமதி வாங்கின மருத்துவ ஆய்வுக்குள்ள மட்டும்தான். யாராவது லட்சக்கணக்குல கேட்டா, முதல்ல சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்க. அந்தப் பதிவேட்டை உங்க போன்லயே திறந்து பார்க்கலாம்.