மஸ்ஜித் இந்தியாவிலிருந்து கடலுக்கு ஒரு டிக்கெட்

ஊரிலிருந்து வரும் தம்பதிகளை அவர்கள் படியேறும் சத்தத்திலேயே தெரிந்துகொள்வேன். பைகள் கைப்பிடிச் சுவரில் உரசும், பின்னால் வரும் கணவர் பெருமூச்சு விடுவார். மனைவி என் மேசையில் புடவைகளைக் கொட்டி, "அக்கா, நாளைக்குக் காலையில ஃபிளைட். ரவிக்கை இன்னைக்கே கிடைக்குமா?" என்பார். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு மாடியறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் முப்பது நாள் வரை தங்கலாம் என்று ஆனதிலிருந்து இப்படி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டால் இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் என்று ஒரே வரிசைதான். கடலுக்குப் போகவில்லையா என்றால் முழிப்பார்கள். கோலாலம்பூரில் ஏது கடல்?

கோலாலம்பூரில் இல்லைதான். ஆனால் கோலாலம்பூர் கடலிலிருந்து வந்த ஊர். என் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாமெக் பள்ளிவாசலுக்குப் பின்னால், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கின்றன. 1857-ல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தோண்ட 87 சீனர்களைப் படகில் ஏற்றி இந்த ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். படகு அதற்கு மேல் போகாத இடத்தில் இறங்கி அம்பாங் காட்டுக்கு நடந்தார்கள். பெரும்பாலோரை மலேரியா கொண்டுபோனது. இறங்கிய இடத்தில் கடை வந்தது, கடைக்குப் பின்னால் ஊர் வந்தது. அதனால்தான் கிள்ளான்காரியான நான், கே.எல்.காரர்கள் பெருமையடிக்கும்போது சிரித்துக்கொள்வேன்.

போன வருடம் அண்ணன் மகளும் அவள் கணவரும் கும்பகோணத்திலிருந்து வந்தார்கள். கல்யாணமாகி முதல் வெளிநாட்டுப் பயணம். சுற்றுலா கம்பெனி போட்டுக் கொடுத்த திட்டத்தைக் காட்டினாள். "இதுல ரெண்டு நாளை எனக்குக் கொடு" என்றேன். ஒரு நாள் துணிக்கு, ஒரு நாள் ரயிலுக்கு. அந்த இரண்டு நாளைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் துணி. மஸ்ஜித் இந்தியா என்ற பெயர் இங்குள்ள பள்ளிவாசலால் வந்தது. 1863-ல் மரத்தால் கட்டியது. இப்போது நிற்கும் கட்டடம் 1960-களில் எழுந்தது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் இன்றும் தமிழில் கேட்கும். தெருவை வளர்த்தவர்கள் ராமநாதபுரம், கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகள். அவர்கள் கடையில் நிற்கும் பையன் மலாய்ப் பெண்ணிடம் மலாயிலும் நம்மிடம் தமிழிலும் பேசி, சீன ஆச்சியிடம் கான்டனீஸில் நாலு வார்த்தை சொல்லி, மூவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துவிடுவான்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி: இங்கே பட்டுப்புடவை வாங்காதீர்கள். என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டுதான் சொல்கிறேன். காஞ்சிபுரத்திலும் சூரத்திலும் கிளம்பிய சரக்கு கப்பலேறியோ விமானமேறியோ இங்கே வருகிறது. அதை இரட்டிப்பு விலையில் வாங்கி மறுபடி கும்பகோணத்துக்குச் சுமப்பானேன்? இங்கே வாங்க வேண்டியது பாத்தேக் கைலி, சரிகை போட்டு நெய்த திரங்கானு சொங்கேட், மலாய்ப் பெண்கள் பாஜு குரோங் என்னும் நீள உடைக்கு எடுக்கும் துணி. அந்தத் துணியில் நல்ல சுடிதார் தைக்கலாம், அகலமும் தாராளமாக இருக்கும். ஆம்பளைகளுக்கு அத்தர். வீட்டுப் பெரியவர்களுக்குக் கோடாலித் தைலம். அது இல்லாமல் ஊருக்குப் போனால் யாரும் உங்களை வெளிநாடு போய்வந்தவராக மதிக்க மாட்டார்கள்.

பாத்தேக் வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியது என்றால் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மெஷினில் அச்சடித்தது என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். கைலியின் நடுவில் வேறு வேலைப்பாட்டோடு ஓர் அகலமான பட்டை வரும், மலாய்க்காரர்கள் கெபாலா என்பார்கள். கட்டும்போது ஆண்களுக்கு அது பின்னால் வர வேண்டும். அண்ணன் மகளின் கணவர் முன்னால் வரக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். கடைப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

விலை பேசலாம், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. விலை ஒட்டிய பெரிய கடைகளில் பேசிப் பயனில்லை. நடைபாதைக் கடைகளிலும், சனிக்கிழமை மாலை துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் போடும் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் பேசலாம். இரண்டாவது துண்டு எடுக்கும்போது பேசுங்கள். முதல் துண்டிலேயே பாதி விலை கேட்கும் பழக்கத்தைத் தி.நகரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. இங்கே முகம் சுருங்கிவிடும்.

தெருவில் நடக்கும்போது கீழேயும் பார்த்து நடங்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது, 2024 ஆகஸ்ட் 23 வரை. அன்று காலை இந்த நடைபாதை திடீரென்று உள்வாங்கி, குடும்பத்தோடு சுற்றுலா வந்த இந்தியப் பெண் ஒருவர் உள்ளே விழுந்தார். ஒன்பது நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதன் பிறகு பல வாரங்கள் தெருவில் ஈயாடியது. இப்போது கூட்டம் திரும்பிவிட்டது. ஆனாலும் இங்கே கடை வைத்திருப்பவர்கள் யாரும் அதைப் பேசாமல் கடந்துபோக மாட்டார்கள்.

மறுநாள் ரயில். தெருவின் வடக்குப் பக்கமாக நடந்து, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையைத் தாண்டினால் பேங்க் நெகாரா ஸ்டேஷன். அங்கிருந்து பெலாபுஹான் கிள்ளான் என்று கேட்டால் டிக்கெட் கொடுப்பார்கள், கடைசி ஸ்டேஷன் அது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இருவருக்கும் சேர்த்து ஓர் இலைச் சாப்பாட்டுக் காசுக்கு மேல் வராது. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரைமணியும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம், பொறுமை வேண்டும். இன்னொன்று, ரயிலின் நடுவில் இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி பெண்களுக்கு மட்டும். 2010-ல் கொண்டுவந்தார்கள். புதுப் பெண்டாட்டியை விட்டு நகர மனமில்லாமல் மாப்பிள்ளை அதில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மலாய்ப் பாட்டிகள் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்கள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இருவரும் எழுந்து வேறு பெட்டிக்கு வந்துவிட்டார்கள்.

வழியில் மூன்று கட்டடங்களைப் பார்க்கலாம், மூன்றும் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற ஒரே வெள்ளைக்காரர் வரைந்தவை. கிளம்பும் முன்பே பார்த்த ஜாமெக் பள்ளிவாசல், 1909. இரண்டாவது, வண்டி நின்று போகும் பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன், 1910. கும்மட்டமும் வளைவுமாக அரண்மனை மாதிரி இருக்கும், இறங்குவோர்தான் குறைவு. மூன்றாவது கிள்ளானில் இருக்கிறது.

அடுத்து கே.எல். சென்ட்ரல், அதாவது பிரிக்பீல்ட்ஸ். ஊர் பெருந்தீயில் எரிந்த பிறகு செங்கல்லால்தான் வீடு கட்ட வேண்டும் என்று 1880-களில் சட்டம் வந்தபோது செங்கல் சூளை போட்ட இடம். பிறகு ரயில்வேக்காரர்களின் குடியிருப்பு. சிலோன் தமிழ்க் குமாஸ்தாக்கள், நம்மூர்த் தொழிலாளர்கள். 1904-ல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் இன்னும் நிற்கிறது. 2010-ல் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்த வளைவுகளும் நிற்கின்றன. பசித்தால் இறங்குங்கள், இலைச் சாப்பாடு நன்றாகவே இருக்கும். எனக்கு அந்தப் பளபளப்பு ஒட்டவில்லை. உங்களுக்கு ஒட்டலாம்.

நாங்கள் கிள்ளானில் இறங்கினோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் தெங்கு கிளானா சாலை. இதுவும் லிட்டில் இந்தியாதான், ஆனால் சுற்றுலாவுக்காக அலங்கரித்தது அல்ல. பூக்கட்டுகிறவர், பாத்திரக் கடை, நகைக்கடை, சீர்வரிசைத் தட்டு விற்பவர், வாசலில் ஸ்பீக்கர் வைத்து இளையராஜா போடும் கடை. தோட்டப்புறங்களிலிருந்து சம்பள நாளில் பஸ் ஏறி வந்து சாமான் வாங்கிய தெரு. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. வாழை இலையில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட இதைவிட நல்ல இடம் கே.எல்.லில் இல்லை என்பது என் கட்சி. மாப்பிள்ளை வழக்காட முயன்றார், மூன்றாம் சோறு கேட்டபோது விட்டுவிட்டார்.

ஸ்டேஷன் சாலையிலேயே ஹப்பக்கின் மூன்றாவது கட்டடம், வெள்ளை வெளேரென்று. அதுவும் 1909-ல் கட்டியதுதான். ஆங்கிலேயர் அலுவலகமாக இருந்தது, இப்போது சுல்தான் அப்துல் அஜிஸின் அரச காட்சிக்கூடம். கிள்ளான் சிலாங்கூர் சுல்தானின் அரச ஊர். 2024 பிப்ரவரியில் மாநகரமாகவும் ஆகிவிட்டது. அதே மாதம்தான் கிள்ளானின் பெயரைச் சொல்லும் பாக்குத்தே தேசியப் பாரம்பரிய உணவுப் பட்டியலில் ஏறியது. பன்றி எலும்பை மூலிகைகளோடு கொதிக்க வைத்த சூப், காலையில் வெறும் சோற்றோடு சாப்பிடுவது. என் வீட்டுக்காரர் விரும்பிச் சாப்பிடுவார். நான் பக்கத்தில் சீனத் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மறுபடி ரயிலேறினால் கடைசி நான்கைந்து ஸ்டேஷன்கள். ஜாலான் காஸ்டம் வந்ததுமே காற்று உப்புக்கரிக்கும். பிறகு கிள்ளான் துறைமுகம். 1886-ல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஆற்றுத் துறை போதாமல் முகத்துவாரத்தில் புதுத் துறைமுகம் கட்டினார்கள். 1901-ல் திறந்து, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயரிட்டார்கள். திறந்த சில மாதத்திலேயே மலேரியா பரவித் தொழிலாளர்கள் சரிந்தார்கள். மால்கம் வாட்சன் என்ற மாவட்ட டாக்டர் சதுப்பை வடிகட்ட வைத்துத்தான் துறைமுகம் பிழைத்தது. 1972-ல் பெயர் போர்ட் கிள்ளான் என்று மாறியது. என் வீட்டுக்காரர் வடதுறைமுகத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வாயில் இன்னும் 'சுவெட்டன்ஹாம்'தான்.

இந்தத் துறைமுகத்தில்தான் நம் பாட்டன் பூட்டன்களில் பாதிப்பேர் இறங்கினார்கள். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கு தொட்டு இங்கே வந்து, சிங்கப்பூர் போகும் ரஜூலா கப்பல். 1926-ல் கட்டியது, 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. வந்தவர்கள் போலவே திரும்பிப் போனவர்களும் அதில்தான் போனார்கள். 1968-ல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பெரியப்பா 1969-ல் குடும்பத்தோடு கப்பலேறினார். நீலக் கார்டு வாங்கியிருந்த என் அப்பா இங்கேயே நின்றார். அன்று பெரியப்பாவின் கையைப் பிடித்து நடைபாலத்தில் ஏறிய பையன்தான் என்னோடு வந்த இவளுடைய அப்பா, என் பெரியப்பா மகன் அண்ணன்.

அண்ணன் மகளுக்கு இது தெரியாது. "அப்பா மலேசியாவுல பொறந்தவர்னு சொல்லுவார் அத்தே. இங்கேருந்துதான் ஏறினாரா?" என்று கேட்டாள். வேலிக்கு அப்பால் கண்டெய்னர் தூக்கும் கிரேன்கள்தான் தெரிந்தன. அவள் செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டு, வீடியோவில் வேலியைக் காட்டினாள். அண்ணன் கும்பகோணத்திலிருந்து, "அங்க ஒரு டீக்கடை இருந்துச்சே, பாரு" என்றார். டீக்கடை இல்லை. "அதெல்லாம் இடிச்சாச்சு மச்சான்" என்று, கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் அவரோடு பத்து நிமிடம் துறைமுகக் கதை பேசினார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. அங்கிருந்து பூலாவ் கெத்தாம் போகலாம், நண்டுத் தீவு. ஏசி போட்ட நீளமான படகு, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். இருபுறமும் அலையாத்திக் காடு. சீன மீனவர்கள் சேற்றின் மேல் கால்கள் ஊன்றிக் கட்டிய ஊர் அது; வீடு, பள்ளிக்கூடம், கோயில், எல்லாம் தூண்களின் மேல்தான் நிற்கின்றன. கார் கிடையாது. சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சிமெண்டு நடைபாதையில் ஓட்டலாம். ஓரத்தில் கைப்பிடி இல்லாத இடங்களில் மட்டும் இறங்கித் தள்ளுங்கள். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் கீழே சேறுதான்.

தம்பதியாகப் போகிறவர்களுக்கு நான் ஒரே விஷயம் சொல்வேன்: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதி கே.எல். அங்கே இருக்கும். நண்டு சாப்பிடும் முன் ஒரு கிலோ என்ன விலை என்று கேட்டு, தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காரமாக வேண்டும் என்றால் 'பெடாஸ்' என்று சொன்னால் போதும். நண்டை உடைக்கக் கொடுக்கும் சின்ன மரச் சுத்தியலை வைத்து மாப்பிள்ளை அடித்த அடியில் குழம்பு என் புடவையில் தெறித்தது. அண்ணன் மகள் பதறினாள். சும்மா இரு, துவைத்துக்கொள்ளலாம் என்றேன். கடைசிப் படகு மாலையிலேயே கிளம்பிவிடும்; எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொண்டு, இன்னொரு நண்டு சொல்வதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள்.