இறங்காத அட்டை

‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை.’ திருப்பூரில் பனியன் கம்பெனி கேட்டிலும் கரண்ட் கம்பத்திலும் தொங்கும் இந்த அட்டையைப் பார்க்காமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. இப்போது ஒடிசா, பீகார் ஆட்களுக்காக இந்தியிலும் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் வந்தால் ஆளே வேண்டாம் என்ற பேச்சு பழசாகிவிட்டது. அட்டைதான் இறங்கின பாடில்லை.

கம்ப்யூட்டர் வராமலும் இல்லை. 24 அங்குல விட்டம், 24 கேஜ் நிட்டிங் மிஷினில் ஏறக்குறைய 1,800 ஊசிகள். ஒன்று முறிந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். இன்று நூல் அறுந்தால் சென்சார் மிஷினை நிறுத்திவிடுகிறது. ஒரே ஆள் பல மிஷின்களைப் பார்க்கிறார். சாயப்பட்டறையிலும் அப்படித்தான். சாயக் கழிவால் நொய்யல் ஆறு நாசமாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்தாக வேண்டும். ஷேடு தப்பி மறுபடி சாயம் போட்டால் தண்ணீருக்கும் சேர்த்து இரட்டைச் செலவு. அதனால் சாய மாஸ்டரின் கண்ணுக்குத் துணையாக நிறத்தை அளக்கும் கருவி வந்தது.

அதிகம் இழந்தவர் கட்டிங் மாஸ்டர் என்பேன். ஒரு டி-ஷர்ட் செலவில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. அட்டை பேட்டர்னை இப்படியும் அப்படியும் திருப்பி, உடம்புக்கும் கைக்கும் இடையே விழும் சந்தில் இன்னொரு துண்டை அடக்குவதுதான் அவர் வித்தை. யாருக்கும் லேசில் சொல்லித்தர மாட்டார். துண்டுகளை இப்படி அடுக்கும் வரைபடத்துக்கு மார்க்கர் என்று பெயர். இன்று அதைத் திரையில் போடுகிறார், படித்துவிட்டு வந்த ஓர் இளைஞர்.

தையலில்தான் கதை நிற்கிறது. கார்த் தகடு வைத்த இடத்தில் விறைப்பாக இருக்கும், ரோபோ பற்றவைத்துவிடும். பனியன் துணியோ தொட்டால் நெளியும், இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருளும். அடுக்கிலிருந்து ஒரே ஒரு துண்டை எடுத்துத் தருவது டெய்லருக்கு உதவும் கைமடிக்கு ஒரு நொடி வேலை, மிஷினுக்குப் பெரும்பாடு. அமெரிக்காவில் டி-ஷர்ட் தைக்கும் ரோபோவுக்குப் பல வருடமாக முயன்றும், ‘பவர் டேபிள்’ எனும் திருப்பூர்த் தையல் மேசையில் இன்னும் மனிதர்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் பக்கத்தில் திரை வந்து உட்கார்ந்துவிட்டது. நூலைத் தானே வெட்டும் மிஷின், மிதித்தால் மட்டும் ஓடும் சர்வோ மோட்டார், இரண்டும் நல்லதே. பெரிய கம்பெனிகளில் இவற்றோடு நிமிடக் கணக்கும் வந்திருக்கிறது. ஒரு கை மூட்ட இத்தனை நொடி, மணிக்கு இத்தனை பீஸ் என்று திரை சொல்கிறது. முன்பு எத்தனை பீஸ் அடித்தோம் என்பதை டெய்லர் தன் குட்டி நோட்டில் குறித்துவைத்து, சம்பளத்தன்று மல்லுக்கு நிற்க முடியும். இன்று நோட்டு ஒன்று சொல்லி, திரை வேறொன்று சொன்னால், ஜெயிப்பது திரை.

முதலாளிமார்களே, அந்தக் கணக்கை ஆபீஸ் ரூமிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை சம்பளக் கவரோடு அதையும் அச்சடித்து டெய்லர் கையில் கொடுங்கள்.